பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள்

கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூருக்கு விடியற்காலையில் புறப்படும் ரயில்களில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் ஏறிச் செல்கிறார்கள். 2001-ம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புக்கு வேறு வழி இல்லை. துணி தைக்கும் கம்பெனி, கட்டட வேலை, காவல் வேலை, ஆபீஸ் குமாஸ்தா வேலை என்று ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு, சீசன் டிக்கெட்டில் காலம் தள்ளுகிறார்கள். வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. பிள்ளைகளோ மாலை 4 மணிக்கெல்லாம் பள்ளியிலிருந்து வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பல வீடுகளில் இருப்பவர் தாத்தா அல்லது பாட்டி மட்டுமே.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். சுரங்கத்தில் பல ஆண்டுகள் உழைத்த தாத்தா. 7-ம் வகுப்புப் படிக்கும் பேரன். பொழுது சாயும் நேரத்தில் தாத்தா எழுந்து சட்டையை மாட்டுகிறார். "சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது" என்று வாசலை நோக்கி நடக்கிறார். முதல் நாள் பையன் சிரிக்கிறான். இரண்டாம் நாள், "சுரங்கத்தைத்தான் மூடிவிட்டார்களே" என்று வாதாடுகிறான். தாத்தாவுக்குக் கோபம் வருகிறது, கையை ஓங்குகிறார். மூன்றாம் நாள் பையன் பயந்துபோய்க் கதவை வெளியே தாளிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறான். இதை அவன் யாரிடமும் சொல்வதில்லை. அலுத்துக் களைத்து வரும் தாயிடம் எப்படிச் சொல்வது? பள்ளியில் சொன்னால், "உன் தாத்தா பைத்தியமா?" என்று கேட்பார்கள்.

அந்தத் தாத்தா பைத்தியம் அல்ல. அவருக்கு வந்திருப்பது மறதி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்வது இதைத்தான். மூளையின் அணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைவதால் நினைவு, பேச்சு, வழி தெரிந்து நடப்பது, பணத்தை எண்ணுவது ஆகிய திறமைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இதில் பல வகை உண்டு. 1906-ல் ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த வகையே அதிகம். நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு இருப்பது அதுதான். மாலை வேளையில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்நோய் கண்டவர்களில் பலரிடம் காணப்படுகிறது. அதாவது, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் பிள்ளை மட்டும் இருக்கிற அதே நேரத்தில்தான் நோய் தன் கைவரிசையைக் காட்டுகிறது.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வம் என்று தள்ளிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேர் புதிதாகச் சேருகிறார்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம் என்று அதே ஆய்வு காட்டியது. கிராமத்தில் கணவர் காலமான பிறகு பெங்களூரில் மகன் வீட்டு ஒற்றை அறைக்கு அழைத்துவரப்படும் நம் பாட்டிமார்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரும் தெருவும் பழகிய முகங்களும் இருந்தவரை மறைந்திருந்த மறதி, இடம் மாறியவுடன் வெளிப்பட்டுவிடுவது உண்டு. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நள்ளிரவில் தடுமாறும் பாட்டியை முதலில் காண்பவர், அவரருகில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பேத்திதான்.

பொதுவாக இத்தகைய விஷயங்களில் பெரியவர்களுக்குப் பிரசாரம் செய்வதே வழக்கம். ஆண்டுதோறும் செப்டம்பர் 21-ந் தேதி உலக அல்சைமர் தினம் என்று கூட்டம் நடக்கிறது, டாக்டர்கள் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு மாரிக்குப்பம் ரயிலில் போகிறவர் வர முடியாது. வந்தாலும், மாலை 4 மணியிலிருந்து இரவு 8 மணி வரை அவர் வீட்டில் இல்லை. இருப்பது பிள்ளை. ஆகவே முதலில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அதை எங்கே, யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

ஜப்பானில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்நாட்டின் தென்பகுதியில் ஓமுதா என்று ஒரு நகரம் இருக்கிறது. அது நிலக்கரிச் சுரங்க நகரம். 1997-ல் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள், முதியவர்கள் தங்கிவிட்டார்கள். தங்கவயலின் கதையேதான். ஓமுதா நகரத்தார் என்ன செய்தார்கள்? மறதி நோயைப் பற்றிப் படக்கதைப் புத்தகம் ஒன்றை உருவாக்கி, ஆரம்பப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் அதைக் கொண்டு வகுப்பு நடத்தினார்கள். வழி தவறிய முதியவரைத் தேடுவதற்கு 2004 முதல் ஊர் ஒத்திகையும் நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறியவர்போல் தெருவில் நடப்பார். ஊரார் அவரைக் கவனித்து, பக்குவமாகப் பேச்சுக் கொடுத்து, தகவல் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் அதில் பங்கு கொள்கிறார்கள்.

அதே 2004-ல் ஜப்பான் அரசாங்கம் இன்னொரு காரியமும் செய்தது. அதுவரை இந்நோய்க்கு வழங்கிய பெயரில் மூடன் என்ற பொருள் தொனித்தது. அதை நீக்கிவிட்டு, அறியும் திறன் குறையும் நோய் என்று பொருள்படும் வேறு பெயரை வைத்தது. 2005-ல் நாடு முழுவதும் சுமார் ஒன்றரை மணி நேர வகுப்புகள் தொடங்கின. வகுப்பில் கலந்துகொண்டவர்கள் ஆதரவாளர்கள் எனப்பட்டார்கள். அடையாளமாக ஆரஞ்சு நிற வளையம் கொடுத்தார்கள். கடைக்காரர், பஸ் டிரைவர், பாங்கு ஊழியர், பள்ளிப் பிள்ளை என்று 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதுவரை ஆதரவாளர் ஆகியிருக்கிறார்கள். பிறகு இங்கிலாந்தும் இதே வழியைப் பின்பற்றியது.

இங்கே அதை நடத்த ஆள் எங்கே என்று கேட்கலாம். ஆள் இருக்கிறது. நாட்டிலேயே நர்சிங் கல்லூரிகள் மிகுந்த மாநிலங்களில் கர்நாடகம் ஒன்று. அவற்றில் படிக்கும் மாணவ மாணவிகளுக்குச் சமூக சுகாதாரமும் மனநல மருத்துவமும் பாடங்கள். ஆஸ்பத்திரி வார்டில் மட்டுமல்லாமல், வீடு வீடாகவும் பள்ளிகளுக்கும் சென்று சுகாதாரக் கல்வி அளிப்பதும் அவர்கள் பயிற்சியில் சேர்ந்தது. கையில் சார்ட்டுடன் வந்து, கை கழுவுவதையும் கொசு ஒழிப்பையும் பற்றிப் பேசிவிட்டுப் போகும் வெள்ளுடை மாணவிகளை நம் பேட்டைகளில் பார்க்காதவர் இல்லை. அந்தச் சுற்றில் மறதி நோய்க்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். தனிப் பணம் வேண்டாம். புதிய இலாகா வேண்டாம்.

இதில் வேறு ஒரு வசதியும் இருக்கிறது. பெரிய டாக்டர் மேடையில் நின்று பேசினால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். 20 வயது நர்சிங் மாணவியை அக்கா என்று கூப்பிடுவார்கள். "எங்கள் பாட்டி என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அக்கா" என்று அவரிடம்தான் சொல்வார்கள். தமிழும் மலையாளமும் பேசும் மாணவிகள் இங்குள்ள கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். நாளை நர்சாக வேலை பார்க்கும்போது அந்த மாணவிகள் சந்திக்கப்போவதும் இத்தகைய முதியவர்களைத்தான். நோயாளியின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளின் வாயால் கேட்பது அவர்களுக்கும் ஒரு படிப்பு.

ஒரு வகுப்பு நேரத்தில் என்னென்ன சொல்லலாம்? அதிகம் வேண்டியதில்லை. முதலாவது, இது மூளையில் வரும் நோய். செய்வினையும் அல்ல, சாபமும் அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்வதும் அல்ல. தாத்தா வேண்டுமென்று செய்யவில்லை. பேரன் குறும்பு செய்ததால் வந்ததும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை வகுப்பில் அவசியம் சொல்ல வேண்டும். வீட்டில் எது கெட்டாலும் தன்னால்தான் கெட்டது என்று மனத்துக்குள் நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

இரண்டாவது, சாதாரண மறதிக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது யாருக்கும் வரும். சாவி எதற்கு என்பதே மறந்துபோனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கிலாந்து வகுப்புகளில் புத்தக அலமாரியை உதாரணமாகச் சொல்கிறார்கள். அலமாரியின் மேல்தட்டில் இன்று நடந்தவை, அடித்தட்டில் சிறு வயதில் நடந்தவை. அலமாரியை யாரோ பிடித்து ஆட்டினால் மேல்தட்டுப் புத்தகங்கள் முதலில் விழுகின்றன. அதனால்தான் காலையில் சாப்பிட்டதை மறந்த பாட்டிக்கு, கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டினார் என்பது நினைவிருக்கிறது. சம்பவம் மறந்தாலும் அது தந்த உணர்ச்சி தங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். பேரன் கத்தினான் என்பது தாத்தாவுக்கு மறந்துபோகும். மனம் நொந்தது மறக்காது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள் என்பது பாட்டிக்கு மறந்துபோகும். அந்த இதம் போகாது. இது 10 வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

மூன்றாவது, பழகும் முறை. "நான் யார் சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. உள்ளே வரும்போதே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். வாதாடக் கூடாது. பின்னாலிருந்து திடீரென்று தொடக் கூடாது. பழைய போட்டோவைக் காட்டலாம். பழைய பாட்டைப் போடலாம். நான்காவது, ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியது. அடுப்பைத் திறந்துவிட்டால், வெளியே போய்விட்டால், அடித்துவிட்டால், யாரிடம் உடனே ஓடிச் சொல்வது என்று பெற்றோர் ஒரு பக்கத்து வீட்டை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். பெரியவரின் சட்டைப் பையில் பெயர், விலாசம், டெலிபோன் எண் எழுதிய சீட்டு எப்போதும் இருக்க வேண்டும்.

குழந்தைகள் மேல் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றுவதா என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சுமை ஏற்கெனவே பிள்ளையின் தலையில் இருக்கிறது. வகுப்பு அதைப் புதிதாக ஏற்றப் போவதில்லை. எதுவும் தெரியாமல் தூக்குவதைவிட, தெரிந்து தூக்கினால் கழுத்து நோகாது. அதே சமயம் ஓர் எல்லையும் வேண்டும். பிள்ளை தாத்தாவின் துணையே தவிர, காவலாளி அல்ல. குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் அவன் பொறுப்பு அல்ல. தாத்தாவுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, அதிலும் பெண் பிள்ளையை நிறுத்துவது, பெருந்தவறு. ஒரு பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருந்தால், வீட்டில் இப்படி ஏதாவது இருக்குமோ என்று ஆசிரியர் விசாரிக்க வேண்டும். நர்சிங் மாணவிகளும் சார்ட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் இந்தத் திட்டத்தால் பயன் இல்லை. அவர்களுடைய ஆசிரியை உடன் வர வேண்டும். உதவி வேண்டும் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களுக்கு மொழியும் ஒரு பிரச்சினை. 40 ஆண்டு கன்னடம் பேசிப் பழகிய முதியவருக்கும், நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிவிடுவது உண்டு. தாய்மொழி மட்டும் மிஞ்சுகிறது. பேரனோ இங்கிலீஷ் மீடியம். தாத்தா என்ன கேட்கிறார் என்பதே அவனுக்குப் புரிவதில்லை. தண்ணீர் கேட்டுக் கிடைக்காத முதியவர் கோபப்படுகிறார். அதற்கும் புத்திக் கோளாறு என்று பெயர். நினைவாற்றல் பரீட்சையைத் தெரியாத மொழியில் வைத்தால், நல்ல மூளையும் தோற்றுப்போகும். ஆகவே முதியவர்களைப் பரிசோதிக்கும்போது தமிழ் தெரிந்தவர் உடன் இருக்க ஆஸ்பத்திரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் பிள்ளைகளுடன் தமிழ் பேசுவதில் இப்படி ஒரு பயனும் இருப்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போய் என்ன பயன், முற்றிலும் குணமாக்கும் மருந்துதான் இல்லையே என்று சும்மா இருப்பதும் தவறு. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவை மறதி நோய் போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. உண்மையான மறதி நோயாக இருந்தாலும், தொல்லைகளைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியுடன் சேர்ந்து மாநில அரசாங்கம் 2022-ல் மூளை நலத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, மது, தலைக்காயம், காது கேளாமை முதலான 14 காரணங்களைக் கவனித்தால், மறதி நோயில் ஏறக்குறைய பாதியை, நூற்றுக்கு 45 பங்கை, தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று லான்செட் பத்திரிகையில் எழுதியது. பாறையைத் துளைக்கும் எந்திரத்தின் இரைச்சலில் காது மந்தமான சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

இனிச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 2020-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய பள்ளி சுகாதாரத் திட்டத்தில் 11 தலைப்புகள் இருக்கின்றன. மறதி நோய் அதில் தனித் தலைப்பாக இல்லை. மனநலம் என்ற தலைப்பின் கீழ் இதைச் சேர்க்க மாநிலக் கல்வி இலாகா உத்தரவிடலாம். உத்தரவு வரும்வரை காத்திராமல், தங்கவயல் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் மாவட்டத்திலுள்ள நர்சிங் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினால் காரியம் தொடங்கிவிடும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பணம் திரட்டும் தமிழ்ச் சங்கங்கள், தமிழில் ஒரு படக்கதைப் புத்தகம் அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். ஓமுதாவில் நடப்பது போன்ற ஒத்திகையை ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலும் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்திப் பார்க்கலாம். வழி தவறிய முதியவர்கள் கால் போன போக்கில் வந்து சேரும் இடங்களில் ரயில் நிலையமும் ஒன்று. டிக்கெட் கொடுப்பவரும் போர்ட்டரும் டீக்கடைக்காரரும் அந்த ஒத்திகையில் இருப்பது நல்லது.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச டெலிபோன் எண்களை அடுப்படிச் சுவரில் பிள்ளையின் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். இரவு வீடு திரும்பியதும் பாடம் படித்தாயா என்று மட்டும் கேட்காமல், இன்று தாத்தா எப்படி இருந்தார் என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பிள்ளை சொல்வதற்கு அந்த ஒரு கேள்வியே வழி திறக்கும்.

நர்சிங் அக்கா வந்து போன பிறகு, அதே வீட்டில், அதே மாலை நேரத்தில், தாத்தா மறுபடியும் சட்டையை மாட்டுவார். சங்கு ஊதிவிட்டது என்பார். பையன் சிரிக்க மாட்டான், வாதாடவும் மாட்டான். "ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது தாத்தா, டீ குடித்துவிட்டுப் போகலாம்" என்று பக்கத்தில் உட்காருவான். "சுரங்கத்துக்குள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்பான். தாத்தா சொல்லத் தொடங்குவார். நோய் தீர்ந்துவிடப் போவதில்லை. ஆனால் தாய் தகப்பன் ரயிலை விட்டு இறங்கி வரும்போது கதவு தாளிட்டிருக்காது. இதற்கு வேண்டியது ஒரு வகுப்பு நேரம். இந்தக் கல்வியாண்டிலேயே அதை ஒதுக்கிக் கொடுக்கப் பள்ளிகள் முன்வர வேண்டும்.